மூளைத்தண்டும் மூச்சின் தாளமும்

ஓய்வாக இருக்கும் வளர்ந்த மனிதர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 12 முதல் 16 முறை மூச்சு விடுகிறார். இந்தத் தாளத்தை மூளைத்தண்டு நடத்துகிறது. இதயத்துக்குத் தானே துடிக்கும் திசு உண்டு. நுரையீரலுக்கு அது கிடையாது. மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்திலிருந்து வரும் தூண்டல், கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5ஆம் பிரிவுகளில் கிளம்பும் நரம்பு வழியே உதரவிதானத்தை எட்டினால்தான் மார்பு விரியும்.

தாளம் பிறக்கும் இடத்தை ஜெஃப்ரி ஸ்மித், ஜாக் ஃபெல்ட்மன் குழுவினர் 1991இல் கண்டறிந்தனர். எலிக்குட்டியின் முகுளத்திலிருந்து மெல்லிய சீவலாக வெட்டி, கரைசலில் உயிருடன் வைத்திருந்தபோதும், நாக்கை அசைக்கும் நரம்பின் வேரில் மூச்சுத் தூண்டல் விட்டுவிட்டு எழுந்தது. உடலே இல்லாத மூச்சு அது. அந்த நரம்பணுக் கூட்டம் முன்-போட்சிங்கர் தொகுதி எனப்படுகிறது. உள்மூச்சு எப்போது நிற்க வேண்டும் என்பதில் மேலே உள்ள பான்ஸ் பகுதிக்கும், நுரையீரல் விரிவை உணர்ந்து செய்தி அனுப்பும் வேகஸ் நரம்புக்கும் பங்குண்டு.

மூச்சின் வேகத்தை ஆக்சிஜனே முடிவு செய்கிறது எனப் பலர் நினைப்பதுண்டு. சாதாரண நிலையில் அந்த வேலையைச் செய்வது கரியமில வாயுதான். அது கூடினால் மூளையைச் சுற்றியுள்ள நீர்மத்தில் அமிலத்தன்மை ஏறும். முகுளத்தின் அடிப்பரப்பிலுள்ள உணர்விகள் உடனே மூச்சை விரைவுபடுத்தும். கழுத்துத் தமனியருகே உள்ள கரோட்டிட் உணர்விகள் ஆக்சிஜனையும் கவனிக்கின்றன; ஆனால் அதன் அழுத்தம் 60 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இறங்கிய பிறகே முழு வேகத்தில் எச்சரிக்கும். மூச்சடக்குபவர் கடைசியில் தோற்பதும் பெரும்பாலும் கரியமில வாயுவிடம்தான்.

திண்டிவனம்–மரக்காணம் சாலையை ஒட்டிய பெருமுக்கல் குன்றில் ஏறுபவருக்கு முதல் சில படிகளிலேயே மூச்சு கூடிவிடும். இரத்தத்தில் வாயு அளவு அதற்குள் மாறியிருக்காது. காலை இயக்கும் மூளைப்பகுதி முகுளத்தையும் சேர்த்தே தூண்டுகிறது. மூட்டுகளும் தசைகளும் தம் பங்குக்குச் செய்தி அனுப்புகின்றன. இதய நோயாளி படியேறும்போது வரும் மேல்மூச்சுக்கு இன்னொரு வழியும் உண்டு. நுரையீரலின் நுண்குழாய்களை ஒட்டி நீர் கோத்தால் தூண்டப்படும் 'ஜே' உணர்விகளை விளக்கியவர், டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் பணியாற்றிய அவ்தார் சிங் பைன்டல்.

மூளைச்சாவை உறுதிசெய்யும் சோதனையும் கரியமில வாயுவையே நம்பியிருக்கிறது. இந்தியாவின் 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டுச் சாவை மரணமாக ஏற்றது. நோயாளிக்கு ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே வென்டிலேட்டரை நிறுத்தி, இரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் 60 மி.மீ. அளவுக்கு உயர விடுவார்கள். அப்போதும் மார்பு அசையாவிட்டால் முகுளம் செயலிழந்துவிட்டது என்று பொருள். மற்ற மூளைத்தண்டுச் சோதனைகளோடு சேர்த்து, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இதை மீண்டும் செய்து பார்த்த பின்னரே மருத்துவர் குழு சாவை அறிவிக்கும்.