கடல் கடந்த வழக்கு

சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1851ஆம் ஆண்டிற் பிறந்தவர். சொலிசிற்றர் ஜெனரலாகக் கடமையாற்றியவர். 1905, 1906ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிற் கீழைத் தேய ஞானத்தைப் பற்றி விரிவுரையாற்றியவர். 1911இற் கற்ற இலங்கையரின் பிரதிநிதியாகச் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார்.

ஆயினும் அவர்தம் பயணங்களுள் மறக்கொணாதது 1915ஆம் ஆண்டினதே. அவ்வாண்டு முஸ்லிம் மக்களுக்கு எதிராகக் கலகம் மூண்டது. ஆங்கில அரசு இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்துச் சிங்களத் தலைவர் பலரைச் சிறையிலிட்டது. சிலரைச் சுட்டுக் கொன்றது. அறுபத்து நான்கு வயதான இராமநாதன், நீர்மூழ்கிகள் கப்பல்களைத் தாக்கிய போர்க்காலத்திற் கடல் கடந்து, இலண்டனிலே நீதி கோரினார். மீண்டபோது சிங்களப் பெருமக்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, அவரது வண்டியைத் தாமே இழுத்துச் சென்றனர். கலகத்தால் இழப்புற்ற முஸ்லிம் மக்களுக்கோ அவர் வாதம் வேதனை தந்தது. இவ்விரண்டையும் நினைவிற் கொள்வதே நடுநிலை.

அவர்தம் இல்லறமும் பொதுப்பணிக்குப் புறம்பானதன்று. 1913இல் மருதனார்மடத்தில் அவர் நிறுவிய மகளிர் கல்லூரியை, 1930இல் அவர் மறைந்த பின்னரும் பேணி வளர்த்தவர், அவுஸ்திரேலியாவிற் பிறந்த அவர் துணைவியார் லீலாவதி அம்மையாரே. கணவர் தொடங்கிய பணி மனைவியின் கையிலே நிலைபெற்றது.