ரேஸிங் லைன்: லேப் டைமைக் குறைக்கப் பயிற்சியாளர் எங்கே பார்க்கிறார்?

டெல்லியை ஒட்டிய கிரேட்டர் நொய்டாவில், யமுனா எக்ஸ்பிரஸ்வே ஓரமாக இருக்கிறது புத் சர்வதேச சர்க்யூட். நீளம் 5.125 கி.மீ., திருப்பங்கள் 16. 2011 முதல் 2013 வரை மூன்று முறை ஃபார்முலா 1 பந்தயம் இங்கே நடந்தது, மூன்றிலும் ஜெயித்தவர் செபாஸ்டியன் வெட்டல். வரிச் சிக்கலோடு எஃப்1 கிளம்பிப் போய்விட்டாலும், 2011 பந்தயத்தில் வெட்டல் போட்ட 1 நிமிடம் 27.249 நொடிதான் அங்கே எஃப்1 லேப் ரெக்கார்ட்.

ஒரு சின்ன கணக்கு போடுவோம். ஒவ்வொரு திருப்பத்திலும் நீங்கள் 0.1 நொடி மட்டும் இழக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லேப்புக்கு 1.6 நொடி. 60 லேப் பந்தயத்துக்கு 96 நொடி. வெட்டலுக்கு ஒரு முழு லேப் போடவே அவ்வளவு நேரம் ஆகவில்லை. அதாவது, முன்னால் போகிறவர் உங்களை ஒரு சுற்று முந்திவிடுவார். இத்தனைக்கும் நேர்ப்பாதையில் இரண்டு பேரும் ஒரே வேகம்தான்.

அந்த 0.1 நொடியைக் கண்டுபிடிப்பதுதான் டிரைவர் கோச்சின் வேலை.

ரேஸிங் லைன் என்றால் என்ன?

டயர் சாலையைப் பிடித்திருக்கும் பலத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் எவ்வளவு வேகமாக வளையலாம் என்பதைத் தீர்மானிப்பது வளைவின் ஆரம். ஆரம் பெரிதானால் வேகம் கூடும். ட்ராக்கின் வளைவை உங்களால் மாற்ற முடியாது. ஆனால் அதன் அகலத்துக்குள் உங்கள் கார் போடும் வளைவை மாற்றலாம். வெளி ஓரத்திலிருந்து நுழைந்து, உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்கு விரிய வேண்டும். உள் ஓரத்தைத் தொடும் புள்ளியை ஏபெக்ஸ் என்பார்கள்.

எண்ணில் பார்த்தால் வித்தியாசம் புரியும். 90 டிகிரி திருப்பம், உள் ஓரத்தின் ஆரம் 20 மீட்டர், நீங்கள் பயன்படுத்தக்கூடிய அகலம் 10 மீட்டர். நடுவிலேயே போனால் உங்கள் ஆரம் 25 மீட்டர். முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டால் சுமார் 54 மீட்டர். டயரின் பிடிப்பு 1 ஜி என்று கொண்டால், முதல் பாதையில் மணிக்கு 56 கி.மீ., இரண்டாவதில் 83 கி.மீ. வரை தாங்கும். காரும் அதே, டயரும் அதே.

லைனை விட்டு விலகினால் இன்னொரு நஷ்டமும் உண்டு. எல்லாரும் ஓடும் பாதையில் ரப்பர் படிந்து பிடிப்பு கூடும், மற்ற இடத்தில் தூசி. 2011-ல் புத்தம் புதிய ட்ராக்கில் டிரைவர்களுக்கு இந்தத் தூசி பெரிய தலைவலி. (முதல் பயிற்சிச் சுற்றை நிறுத்த வைத்தது தூசி அல்ல, ட்ராக்குக்குள் ஓடிவந்த ஒரு தெருநாய்.)

அப்படியானால் எல்லா திருப்பத்துக்கும் இதே ஃபார்முலாவா?

இல்லை. இங்கேதான் கோச் தேவைப்படுகிறார். புத் சர்க்யூட்டின் 3-வது திருப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டில் ஏறி மெதுவாக வலது பக்கம் வளைய வேண்டும். அதைத் தாண்டியதும் 1 கி.மீ.க்கும் மேல் நீளமான நேர்ப்பாதை. நுழையும் இடம் வேண்டுமென்றே அகலமாகப் போடப்பட்டிருப்பதால், பல லைன்கள் கண்ணுக்குத் தெரியும், ஆசையும் காட்டும்.

புதிய டிரைவர் செய்வது: கடைசி நொடியில் பிரேக், வேகமாக உள்ளே பாய்ச்சல், சீக்கிரமே ஏபெக்ஸ். உடம்புக்கு இது படுவேகமாகத் தெரியும். ஆனால் வெளியே வரும்போது ட்ராக் தீர்ந்துபோகிறது, ஆக்ஸிலரேட்டரை விட வேண்டியிருக்கிறது. கோச் சொல்வது: கொஞ்சம் முன்னாலேயே பிரேக் போடு, பொறுத்துத் திரும்பு, ஏபெக்ஸைத் தள்ளி வை, காரை நேராக்கி முழு ஆக்ஸிலரேட்டர் கொடு.

லாபம் எவ்வளவு? அந்த 1 கி.மீ.யில் சராசரி வேகம் 180 கி.மீ. என்றால் 20 நொடி. 183 ஆனால் 19.67. ஒரே திருப்பத்தைச் சரிசெய்ததில் 0.33 நொடி கையில். நுழையும்போது 0.1 நொடி விட்டுக்கொடுத்திருந்தாலும் லாபம்தான்.

டேட்டாவை எப்படிப் படிக்கிறார்கள்?

காரில் இருக்கும் லாகர் வேகம், பிரேக், ஆக்ஸிலரேட்டர், ஸ்டியரிங் கோணம் எல்லாவற்றையும் பதிவு செய்யும். கோச் இரண்டு லேப்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பார். கீழே இருக்கும் அச்சு நேரம் அல்ல, தூரம். அப்போதுதான் அதே இடத்தில் இரண்டு பேர் என்ன செய்தார்கள் என்று தெரியும். பிரேக்கிலிருந்து கால் எடுத்து ஆக்ஸிலரேட்டருக்குப் போகும் இடைவெளியில் கார் சும்மா உருளும். புதியவர்களின் நேரத்தில் கணிசமான பகுதி அங்கேதான் கரைகிறது, அவர்களுக்கே தெரியாமல்.

எந்த லேப்போடு ஒப்பிடுவது என்பது முக்கியம். 2011-ல் வெட்டலின் போல் நேரம் 1 நிமிடம் 24.178. பந்தயத்தில் அவருடைய சிறந்த லேப் அதைவிட 3 நொடி மெதுவு. டிரைவர் மாறவில்லை, கார் மாறவில்லை. ஓடிய சூழல்தான் வேறு. அதனால்தான் டிரைவருக்கு உண்மையான அளவுகோல் அவருடைய சக வீரர். அந்தப் பந்தயத்தில் கோவையின் நரேன் கார்த்திகேயன் 17-வது இடம், வெட்டலுக்கு 3 லேப் பின்னால். இதை மட்டும் பார்த்து எடைபோட்டால் தப்பு. அதே எச்ஆர்டி அணியில் அதே காரை ஓட்டிய டேனியல் ரிக்கார்டோ 18-வதாக வந்தார். பின்னாளில் எஃப்1-ல் 8 பந்தயங்களை ஜெயித்த அதே ரிக்கார்டோதான்.

நீங்கள் ட்ராக்குக்குப் போனால்?

சென்னைக்காரர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை, கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே. செல்போன் ஆப்பை மட்டும் நம்பாதீர்கள். நொடிக்கு ஒருமுறை பதியும் ஜிபிஎஸ், 180 கி.மீ. வேகத்தில் 50 மீட்டருக்கு ஒரு புள்ளிதான் வைக்கும். ஏபெக்ஸே அந்த இடைவெளியில் தொலைந்துவிடும். நொடிக்கு 10 முறை பதியும் லாகர் என்றால் 5 மீட்டருக்கு ஒன்று. ஒரு செஷனில் ஒரு திருப்பத்தை, அதிலும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். பிரேக், லைன், கியர் மூன்றையும் சேர்த்து மாற்றினால் நேரம் எதனால் குறைந்தது என்று கோச்சுக்கும் தெரியாது.

திரும்பி வரும்போது இந்த வித்தையை யமுனா எக்ஸ்பிரஸ்வேயிலோ ஈசிஆரிலோ காட்ட வேண்டாம். சாலையின் முழு அகலமும் உங்களுக்கே என்ற நம்பிக்கையில்தான் இந்த லைன் வரையப்படுகிறது. அங்கே பக்கத்து லேனில் லாரி வரும்.