இறந்தவர் பட்டியலில் இருந்த ஒரு பேஸ் கலைஞர் திரும்பி வந்த வரலாறு

1980களுக்குப் பின்னர் ஜாஸ் இசை பற்றி எழுதியவர்கள் பலர், ஹென்றி கிரைம்ஸ் என்ற பேஸ் கலைஞர் மௌத்தாகிவிட்டார் என்றே எழுதி வந்தார்கள். ஆனால் மனிதர் உயிரோடுதான் இருந்தார். அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில், ஒரு சிறிய வாடகை அறையில் இருந்து கொண்டு, கட்டடங்களைத் துப்புரவு செய்து பிழைத்துக் கொண்டிருந்தார். கடைசியில் 67 வயதில் திரும்பி வந்து வாசித்தார். அதுவும் ஏறத்தாழ 35 வருடங்கள் வாத்தியத்தைத் தொடாமல் இருந்த பிறகு.

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் உள்ளவர்கள் ஆறுதலாக வாசியுங்கள். இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்தைக் கொமெண்ட்ஸில் தொடங்க வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக் கொள்கிறேன். அதைப் பேச ஆலிம்கள் இருக்கிறார்கள். நான் வரலாறு படிப்பிக்கும் ஒரு வாத்தியார். ஒரு மனிதனின் கைத்தொழில் எப்படித் தொலைந்தது, எப்படித் திரும்பக் கிடைத்தது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் வாத்தியத்தைப் பற்றி நாலு வார்த்தை.

ஒரு பாட்டைக் கேட்கும்போது பாடகரின் குரல் காதில் விழும், கிட்டார் விழும், ட்ரம்ஸ் விழும். அடியில் "தும், தும்" என்று ஒரு கனத்த சத்தம் போய்க் கொண்டிருக்கும். அதுதான் பேஸ். வீட்டுக்கு அத்திவாரம் மாதிரி. அது இருக்கும்வரை யாரும் கவனிப்பதில்லை. நின்றுவிட்டால்தான் பாட்டில் ஏதோ குறைகிறது என்று தெரியும்.

பழைய காலத்தில் இந்த வேலையைச் செய்தது டபுள் பேஸ். பார்க்க ஒரு பெரிய வயலின் போல இருக்கும். நிமிர்த்தி வைத்தால் ஆறடி வரும், ஆள் நின்று கொண்டுதான் வாசிக்க வேண்டும். சத்தம் அருமையானது. ஆனால் அதைக் கொண்டு திரிவது பெரிய தொல்லை. காருக்குள் ஆட்களை ஏற்றினால் பேஸ் ஏறாது, பேஸை ஏற்றினால் ஆட்கள் ஏற முடியாது. அதனால் காரின் கூரையில் கட்டிக் கொண்டு போவார்கள். இந்தக் கூரை விசயத்தை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வரும்.

இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டியவர் கலிபோர்னியாவில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த லியோ பெண்டர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது என்பது இதில் ஒரு வேடிக்கை. 1951ல் அவர் கொண்டு வந்த "பிரிசிஷன் பேஸ்" டபுள் பேஸின் அதே நாலு தந்திகளைக் கொண்டது. ஆனால் கிட்டார் போலத் தோளில் மாட்டிக் கொள்ளலாம். கழுத்தில் உலோகக் கட்டைகள் பதித்திருந்ததால் சுருதி பிசகாமல் விரல் வைக்கலாம். "துல்லியம்" என்ற பொருளில் அந்தப் பெயர் வந்ததும் அதனால்தான். இன்று நம்மூர்க் கல்யாண மண்டபங்களில் பேண்ட்காரர்கள் தோளில் மாட்டியிருக்கும் பேஸ் கிட்டார் இதன் வாரிசுதான்.

ஆனால் ஹென்றி கிரைம்ஸ் பழைய டபுள் பேஸிலேயே நின்றவர்.

1935ல் பிலடெல்பியாவில் பிறந்தவர். 12 வயதில் வயலின் தொடங்கி, பாடசாலையில் வேறு வாத்தியங்களும் பழகி, கடைசியில் டபுள் பேஸுக்கு வந்தார். பிறகு நியூயோர்க்கின் ஜூலியார்ட் இசைக் கல்லூரியில் படித்தார். 1958ல் நடந்த நியூபோர்ட் ஜாஸ் விழாவில் அவருக்கு 22 வயது. பெனி குட்மன், சொனி ரொலின்ஸ், தெலோனியஸ் மொங்க், லீ கொனிட்ஸ் என்று அந்த ஒரே விழாவில் பல குழுக்கள் அவரை மேடைக்கு அழைத்தன. அந்த விழாவைப் படமாக்கிய "ஜாஸ் ஒன் எ சமர்ஸ் டே" என்ற ஆவணப்படத்தில் மொங்கின் பக்கத்தில் நின்று வாசிக்கும் இளைஞர் அவர்தான்.

அடுத்து வந்த எட்டு ஒன்பது வருடங்களில் அவர் யாரோடெல்லாம் வாசித்தார் என்று பார்த்தால் அது ஜாஸ் வரலாற்றின் பெயர்ப் பட்டியல். மெக்கோய் டைனர் (இஸ்லாத்தைத் தழுவி சுலைமான் சவூத் என்று பெயர் வைத்துக் கொண்ட பியானோ மேதை), செசில் டெய்லர், டொன் செரி, ஆல்பர்ட் அய்லர், பரோவா சாண்டர்ஸ். 1965ல் "தி கோல்" என்று தன் சொந்தப் பெயரிலும் ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்தார். முப்பது வயதில் ஒரு கலைஞனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

பிறகுதான் அந்தக் கூரை வருகிறது.

1960களின் கடைசியில் ஒரு வாய்ப்பை நம்பி மேற்குக் கரைக்குக் காரில் கிளம்பினார்கள். பேஸ் கூரையில் கட்டப்பட்டிருந்தது. பாலைவனத்து வெயில் மரத்துக்கு ஆகாது. ஒட்டி வைத்த பலகைகளால் ஆன அந்த வாத்தியம் காய்ந்து பழுதாகிவிட்டது. லொஸ் ஏஞ்சல்ஸில் அதைத் திருத்தக் கையில் காசில்லை. வேறு வழியின்றி ஒரு சிறு தொகைக்கு விற்றுவிட்டார். வாத்தியம் இல்லாததால் கச்சேரி இல்லை. கச்சேரி இல்லாததால் வாத்தியம் வாங்கக் காசும் இல்லை. இந்தச் சுழலுக்குள் அகப்பட்டவர் அப்படியே இசை உலகத்தின் கண்ணிலிருந்து மறைந்து போனார்.

துப்புரவு வேலை, கட்டட வேலை, பராமரிப்பு வேலை, கிடைத்ததைச் செய்தார். பேஸ் இல்லாத அறையில் இரவுகளில் கவிதை எழுதினார். கொப்பி கொப்பியாக எழுதினார். உறவும் நட்பும் தொடர்பறுந்து போயின. தன்னோடு வாசித்த ஆல்பர்ட் அய்லர் 1970லேயே இறந்துவிட்டார் என்பது 2002 வரை அவருக்குத் தெரியாது. அதே நேரத்தில் நியூயோர்க்கில் இருந்தவர்கள் இவர் இறந்துவிட்டார் என்று நினைத்துக் கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் இடையில் ஒரு தொலைபேசி அழைப்புத்தான் தூரம். அந்த அழைப்பை எடுக்க 35 வருடம் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் எடுத்தவர் ஓர் இசைக் கலைஞர்கூட இல்லை. ஜோர்ஜியா மாநிலத்தில் சமூக சேவை உத்தியோகத்தராக இருந்த மார்ஷல் மரொட் என்ற ஜாஸ் ரசிகர். "இறந்துவிட்டார்" என்று எழுதியிருக்கிறார்களே, அதற்கு அத்தாட்சி எங்கே என்று தேடத் தொடங்கினார். பொதுப் பதிவுகளைப் புரட்டி, தொலைபேசியில் விசாரித்து, 2002ல் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்.

வரலாறு படிக்கும் என் மாணவர்களுக்கு இந்த இடத்தை நான் அழுத்திச் சொல்வேன். அச்சில் வந்துவிட்டது என்பதால் ஒரு தகவல் உண்மையாகிவிடாது. ஒருவர் எழுதுவார், அடுத்தவர் அதைப் பார்த்து எழுதுவார், மூன்றாமவர் இருவரையும் பார்த்து எழுதுவார். பத்துப் பேர் எழுதினாலும் மூலம் ஒன்றுதான். மரொட் மூலத்தைத் தேடினார். அதனால் ஒரு மனிதருக்குத் தன் வாழ்க்கை திரும்பக் கிடைத்தது.

ஆள் கிடைத்தார். பேஸ்? அதுதான் இல்லையே!

செய்தி கேள்விப்பட்ட நியூயோர்க் பேஸ் கலைஞர் வில்லியம் பார்க்கர் தன் பேஸ்களில் ஒன்றை லொஸ் ஏஞ்சல்ஸுக்கு அனுப்பி வைத்தார். பச்சைச் சாயம் கொண்டது, அதனால் அதற்கு "ஒலிவ் ஒயில்" என்று பெயர். 2002 டிசம்பரில் அந்தப் பெட்டி கிரைம்ஸின் அறைக்கு வந்து சேர்ந்தது.

கிரைம்ஸ் கதவைச் சாத்திக் கொண்டு பயிற்சியில் இறங்கினார். மாதக் கணக்கில் அல்ல, சில வாரங்கள்தான். 2003 தொடக்கத்தில் லொஸ் ஏஞ்சல்ஸில் மேடை ஏறினார். அந்த மே மாதமே நியூயோர்க்கில் விஷன் விழாவில் வாசித்தார். அதன் பிறகு 30 நாடுகளில் 600க்கும் மேற்பட்ட கச்சேரிகள். 70 வயதில் லிங்கன் சென்டரில் செசில் டெய்லருக்குப் பக்கத்தில் வயலினோடு நின்றார். சின்ன வயதில் விட்ட வயலின்! 1966ல் ஆல்பர்ட் அய்லரோடு வாசித்த விலேஜ் வான்கார்ட் கிளப்பில் 2012ல், 76 வயதில், மார்க் ரிபோவின் குழுவோடு வாசித்தார். அந்த ஒலிப்பதிவு 2014ல் இசைத்தட்டாக வந்தது. அவர் எழுதிய கவிதைகளும் நூலாக வெளிவந்தன. 2020 ஏப்ரலில், கொரோனா நியூயோர்க்கைச் சூறையாடிய நாட்களில், 84 வயதில் காலமானார். இம்முறை செய்தி உண்மை. உலகப் பத்திரிகைகள் அஞ்சலி எழுதின.

35 வருடம் விட்டுப்போன ஒன்று சில வாரங்களில் எப்படித் திரும்பி வரும்?

இதற்கு விடை ஆசிரியர் பயிற்சியில் நாமெல்லோரும் படித்த பெயர் ஒன்றில் இருக்கிறது. எபிங்ஹவுஸ். ஜேர்மன் உளவியலாளர், 1885ல் ஞாபகம் பற்றி நூல் எழுதியவர். அவருடைய "மறதி வளைகோடு" எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் கண்ட இன்னொன்றை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. முற்றாக மறந்துவிட்டதாகத் தோன்றும் விசயத்தைக்கூட இரண்டாம் முறை படிக்கும்போது முதல் முறையை விடக் குறைந்த நேரமே எடுக்கும். அவர் ஆராய்ந்தது அர்த்தமில்லாத அசைகளை. கை பழகிய வேலைகளோ அதைவிட உறுதியாக நிற்கும். பல வருடம் சைக்கிள் ஓடாதவர் ஏறியவுடன் ஓட்டுவதில்லையா, அதுபோல.

உடம்பு வேறு கதை. விரல் நுனியில் காய்த்த தோல் விட்டால் மென்மையாகிவிடும். டபுள் பேஸின் தடித்த தந்தியை அழுத்தும் பலம் குறையும். வயது போனவர்களுக்கு மூட்டு வலிக்கும். ஆனால் தோலும் பலமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். கையும் காதும் கற்ற பாடம் அங்கேயே இருக்கும்.

இங்கே இன்னொருவரையும் சொன்னால்தான் கதை முழுமையாகும். கிரைம்ஸை விட ஒரு வயது இளையவர், இங்கிலாந்தின் பில் வைமன். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர். ஏழ்மையில் தொடங்கியவர்தான். ஆரம்பத்தில் ஒரு மலிவான பேஸ் கிட்டாரின் உலோகக் கட்டைகளைப் பிடுங்கித் தன் கைக்கு ஏற்றபடி திருத்திக் கொண்டவர். 30 வருடம் அந்தக் குழுவில் வாசித்து, 1993ல் 56 வயதில் போதும் என்று விலகினார். சில வருடங்களில் ஆசை வந்தது, சொந்தக் குழு ஒன்றைத் தொடங்கினார். 2023ல் ஸ்டோன்ஸ் வெளியிட்ட "ஹக்னி டயமண்ட்ஸ்" இசைத்தட்டில் ஒரு பாட்டுக்குத் திரும்பி வந்து வாசித்தார். அப்போது வயது 86.

இரண்டு பேரும் வயதான காலத்தில் திரும்பி வந்தவர்கள். ஆனால் வைமன் விட்டது அவருடைய விருப்பம். திரும்பியதும் அவருடைய விருப்பம். கிட்டார் எப்போதும் வீட்டில் இருந்தது. கிரைம்ஸுக்கு விடுவதும் அவர் கையில் இருக்கவில்லை, திரும்புவதும் இருக்கவில்லை. திறமையில் குறைவா? இல்லை. மனதில் ஆசை இல்லையா? பெட்டி வந்து சேர்ந்த அன்று தொடங்கி அவர் செய்த பயிற்சியே அதற்குப் பதில். குறைந்தது ஒரு மரப்பெட்டியும் நாலு தந்தியும்தான்.

நாம் ஒருவரைப் பற்றிப் பேசும்போது "அவன் ஒரு காலத்தில் நல்லா வாசிச்சான், பிறகு விட்டுட்டான்" என்று சுலபமாகச் சொல்லிவிடுவோம். "நல்லா தைச்சா, பிறகு விட்டுட்டா." "நல்லா படம் எடுத்தான், பிறகு விட்டுட்டான்." விட்டானா, விற்றானா என்று கேட்பதில்லை. 2022ல் இந்த நாட்டில் கேஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற மாதங்களில், எத்தனை வீடுகளில் தையல் மெஷினும் கெமராவும் கிட்டாரும் கைமாறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கைகள் தொழிலை மறக்கவில்லை. கருவி இல்லாமல் சும்மா இருக்கின்றன.

ஐம்பது தாண்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. பாடசாலைக் காலத்தில் பழகியதை இனி எப்படி என்று யோசித்துக் கொண்டிருப்பவர்கள், முதல் கிழமை விரல் நோவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தினமும் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் போதும். முன்பு இருந்த வேகத்தோடு இப்போதைய கையை ஒப்பிட வேண்டாம்.

மற்றவர்களுக்கு இன்னொரு வார்த்தை. உங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே, தூசு படிந்து, ஒருவரும் தொடாத ஒரு வாத்தியமோ மெஷினோ இருக்கலாம். அதை இழந்தவர் ஒருவர் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். மரொட் போலத் தேடிப் போக எல்லோராலும் முடியாது. ஆனால் ஒரு கோல் எடுத்து "இது சும்மாதான் கிடக்குது, உங்களுக்கு வேணுமா?" என்று கேட்க யாராலும் முடியும்.

அப்படித் திரும்பி வந்த ஒருவரை நீங்கள் அறிந்திருந்தால் கீழே எழுதுங்கள். அவர் எதை விட்டார், யார் திரும்பக் கொடுத்தார் என்று. வாசிக்க ஆவலாக இருக்கிறேன்.