பெல்சன் முகாமும் வங்காளக் கஞ்சியும்

மலருக்கு ஏதாவது சரித்திரம் எழுதுப்பா என்றார்கள் நண்பர்கள். போர்வீரர்களின் நினைவிலிருந்து ஒன்றைச் சொல்கிறேன்.

1945 ஏப்ரல் 15 அன்று பிரிட்டிஷ் படை வட ஜெர்மனியில் பெர்கன்-பெல்சன் என்ற நாஜி வதைமுகாமுக்குள் நுழைந்தது. உள்ளே சுமார் 60,000 பேர், பெரும்பாலோர் யூதர்கள். புதைக்கப்படாத உடல்கள் ஆயிரக்கணக்கில். பட்டினி, டைபஸ் காய்ச்சல். சிறுமி ஆன் பிராங்க் அந்த வருடத் தொடக்கத்தில்தான் அங்கே இறந்திருந்தாள்.

அங்கு போன வீரர்கள் வயதான பின் சொன்ன நினைவுகளை நான் படித்திருக்கிறேன். முகாம் கண்ணில் படும் முன்பே நாற்றம் வந்துவிட்டதாம். அவர்களை வாட்டியது இன்னொன்றும் உண்டு. பசித்தவனைப் பார்த்தால் மனசு பொறுக்குமா? கையிலிருந்த டின் உணவை அள்ளிக் கொடுத்தார்கள். வாடிய வயிறு அதைத் தாங்கவில்லை. சாப்பிட்டவங்க பலர் செத்துப்போனாங்க.

பிறகு வந்தது ‘வங்காளப் பஞ்சக் கலவை’. பால்பவுடர், சர்க்கரை, மாவு, உப்பு சேர்ந்த கஞ்சி. 1943 வங்கப் பஞ்சத்தில் நம்மவர்கள் லட்சக்கணக்கில் மாண்டபோது கற்ற பாடம் அது. அதுவும் ரொம்ப இனிப்பு என்று பலரால் குடிக்க முடியவில்லை. லண்டனிலிருந்து ஏறக்குறைய 100 மருத்துவ மாணவர்கள் போய், கொட்டகை கொட்டகையாக உணவு கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். அப்படியும் விடுதலைக்குப் பின் சுமார் 14,000 பேர் இறந்தார்கள்.

மாணவத் தம்பி தங்கைகளே, அவர்களும் படிப்பு முடியாத உங்கள் வயசுப் பிள்ளைகள்தான். இரக்கம் எல்லோருக்கும் வரும். எப்படி உதவுவது என்பதைத்தான் படித்துக்கொள்ள வேண்டும்.