புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டும் எங்கள் ஊர் உப்பும்



மரக்காணத்துப் பிள்ளைகளுக்கு உப்பைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. பாத்தியில் நீர் கட்டுவதும், வெயிலில் அது வெளுப்பதும், வாரிய உப்பு வரப்போரம் குவிந்து கிடப்பதும் அவர்கள் மதரஸாவுக்கு வரும் வழியில் நாள்தோறும் காணும் காட்சிகளே. ஆனால், "இந்த உப்பெல்லாம் எங்கே போகிறது?" என்று ஒருநாள் கேட்டபோது, "லாரில போவுது ஹஜ்ரத்" என்பதற்கு மேல் எவருக்கும் விடை தெரியவில்லை. ஆகவே விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, என்னிடம் ஓதும் மூத்த மாணவர்கள் நால்வரையும் என் மகளையும் அழைத்துக்கொண்டு, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டுக்குப் போய் வந்தேன். எடுத்த படங்கள் 31. அவற்றுள் சிலவற்றை உங்களுடன் பகிரும்போது, படத்தில் தெரியாத செய்திகளையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன்.

முதற்படம் மார்க்கெட்டின் மணிக்கூண்டு. அரசுப் பலகையில் இதற்குக் 'குபேர் அங்காடி' என்று பெயர். பிரெஞ்சு ஆட்சியின் இறுதிக் காலத்திலும் இணைப்புக்குப் பின்னரும் புதுவை அரசியலில் ஓங்கி நின்ற எதுவார் குபேரின் நினைவாக இடப்பட்ட பெயர் அது. மக்களோ இன்றும் 'பெரிய மார்க்கெட்' என்றே அழைக்கின்றனர். பேருந்து நடத்துநரிடம் 'குபேர் அங்காடி' என்று கேட்ட என் மாணவன் ஒருவனை அவர் ஏற இறங்கப் பார்த்தது தனிக் கதை. அங்காடியின் ஒரு புறம் நேரு வீதி. முன்பு அது துய்ப்ளேக்ஸ் வீதி. மறுபுறம் ரங்கப்பிள்ளை வீதி.

அந்த இரண்டாம் வீதியில்தான் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இருக்கிறது. 1738ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. 1761இல் ஆங்கிலேயர் நகரைத் தகர்த்தபோதும் பிழைத்து நின்ற மிகச் சில கட்டடங்களுள் அதுவும் ஒன்று. பிள்ளை 1736 செப்டம்பரில் தமிழில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியவர்; பின்னர் துய்ப்ளேக்ஸின் தலைமைத் துபாஷியாக உயர்ந்தவர். 1761 ஜனவரியில், நகரம் வீழ்வதற்குச் சில நாட்களே இருந்தபோது மறைந்தார். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, விலை ஏறியது, யார் யாருக்குக் கடன் பட்டார் என்பவற்றையெல்லாம் அவர் எழுதி வைத்தார். ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து, 1846இல் கலுவா மோம்பிரோன் என்ற பிரெஞ்சு அதிகாரி அந்தக் குறிப்புகளை வெளிக்கொணர்ந்தார். கவர்னர்களின் போர்களைப் பற்றி எழுதியவர் பலர். அங்காடியின் அன்றாடத்தைக் கைப்பட எழுதி வைத்தவர்கள் அரிதினும் அரிது. இரண்டாவது படம் அம்மாளிகையின் வாசல். அதை வெளியிலிருந்தே எடுத்தேன்.

இந்நகரின் தொடக்கத்தில் நம் சமுதாயத்துக்கும் ஒரு பங்குண்டு என்பதைப் பிள்ளைகளிடம் அங்கேயே சொன்னேன். 1670களின் தொடக்கத்தில் இங்குக் குடியேற பிரெஞ்சுக்காரருக்கு இடமளித்தவர் பீஜப்பூர் சுல்தானின் ஆளுநர் ஷேர்கான் லோடி. புதுச்சேரியில் நாணயம் அடிக்க 1736இல் அனுமதி வழங்கியவர் ஆற்காடு நவாப் தோஸ்து அலிகான். நான்கே ஆண்டுகளில், 1740இல், அந்த நவாப் மராத்தியருடன் நிகழ்ந்த போரில் கொல்லப்பட்டார். அவருடைய குடும்பத்துப் பெண்கள் அடைக்கலம் தேடி வந்தது இதே புதுச்சேரிக்குத்தான். கவர்னர் துய்மா கோட்டைக் கதவைத் திறந்துவிட்டார். தமிழர் பகுதியின் தென்புறத்தில் முல்லா வீதியும் காஜியார் வீதியும் இன்றும் உள்ளன. அப்பகுதியில் ஒரு பள்ளியில்தான் அன்று லுஹர் தொழுதோம்.

இவ்விடத்தில் ஆலம்பரையை நினைவூட்ட வேண்டும். மரக்காணத்திலிருந்து வடக்கே, கடப்பாக்கத்தருகே, கழிமுகத்தை ஒட்டி இடிந்து கிடக்கும் செங்கல் கோட்டையை நம் குடும்பங்களுள் பல சுற்றுலாவாகச் சென்று பார்த்திருக்கும். ஒரு காலத்தில் அது துறைமுகம். நாணயச்சாலையும் அங்கே இருந்தது. உப்பும் நெய்யும் துணியும் அங்கிருந்து கப்பலேறின. 1735 அளவில் அது தோஸ்து அலிகானின் ஆளுகையில் இருந்தது. 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று. 1760இல் ஆங்கிலேயர் பிடித்துத் தகர்த்தனர். துறைமுகம் இருந்ததென்றால் அதையொட்டிக் கடைத்தெருவும் இருந்திருக்கத்தானே வேண்டும்? கட்டியக்காரனும் தரகனும் படகோட்டியும் நெய் விற்றவளும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி அங்கே நமக்குச் சொல்ல ஒரு சுவர்கூட இல்லை. நிற்கும் சுவர்களெல்லாம் கோட்டைச் சுவர்களே. ஆழிப்பேரலையும் 2004இல் தன் பங்குக்குச் சிதைத்துச் சென்றது. ஆலம்பரைக்குப் பலமுறை சென்றிருக்கிறேன்; இந்த எண்ணம் எனக்குப் புதுச்சேரி மார்க்கெட்டின் நெரிசலில் நின்றபோதுதான் முதன்முறையாக வந்தது.

உள்ளே பூக்கடைகளைக் கடந்து, பித்தளைப் பாத்திரக் கடைகளைக் கடந்து, மீன் விற்கும் பகுதியின் ஈரத்தில் வழுக்காமல் நடந்து, கருவாட்டு வாடை வரும் ஒரு மூலைக்கு வந்தோம். அங்கே கல்லுப்பும் புளியும் விற்கும் மூதாட்டி ஒருவர் இருந்தார். மாணவர்களுக்கு அப்போதுதான் முகம் மலர்ந்தது. "ஆயா, இது மரக்காணத்து உப்பா?" என்று ஒருவன் கேட்டான். "வண்டியில வருது தம்பி, எந்த ஊருன்னு நான் எங்கத்த கண்டேன்" என்றார் அவர். ஆனாலும் அது எங்கள் உப்புத்தான் என்று பிள்ளைகள் தமக்குள் முடிவு செய்துவிட்டனர்.

புதுச்சேரிக்காரர் தின்ற உப்புக்கு ஒரு வரலாறு உண்டு. சென்னை மாகாணத்தில் உப்பைக் கம்பெனி அரசு 1805இல் தன் தனியுரிமையாக்கிக்கொண்டது. பக்கத்திலேயே பிரெஞ்சு எல்லைக்குள் விளையும் உப்பு மலிவாகக் கடத்தி விற்கப்பட்டால் அத்தனியுரிமை என்ன ஆகும்? ஆகவே 1815இல் இரு அரசுகளும் உடன்படிக்கை செய்தன. பிரெஞ்சுப் பகுதிகளின் உப்பும் அபினியும் குறித்து ஆங்கிலேயர் பெற்ற உரிமைகளுக்கு ஈடாக, ஆண்டுதோறும் 4 லட்சம் சிக்கா ரூபாய் தர ஒப்புக்கொண்டனர். 1818இல் இன்னும் ஓர் ஒப்பந்தம் வந்தது. அதன்படி பிரெஞ்சு எல்லைக்குள் உப்பு விளைவிப்பதே நின்றது. அளம் வைத்திருந்தோருக்கு இழப்பீடாக ஆண்டுக்கு 4,000 நட்சத்திர வராகன். கடலோரத்தில் குடியிருந்த மக்கள் தம் வீட்டு உலைக்குப் பக்கத்து அரசின் உப்பை எதிர்பார்க்கும் நிலை அன்று வந்தது. இன்று புதுச்சேரியின் தென்பகுதியில் 'உப்பளம்' என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே வீடுகளும் விளையாட்டுத் திடலும் உண்டு, உப்பு இல்லை. திரும்பும்போது பேருந்து நிலையத்தில் 'உப்பளம்' என்ற பெயர்ப்பலகையைக் கண்ட என் மகள், "அத்தா, இங்கேயும் பாத்தி இருக்கா?" என்று கேட்டாள். இந்த வரலாற்றை அவளுக்குச் சுருக்கிச் சொல்வதற்குள் பேருந்து வந்துவிட்டது.

எங்கள் ஊரின் அளங்களோ நிற்காமல் விளைந்தன. சங்க நூலான சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது அறிஞர் பலரின் கருத்து; இங்குள்ள பூமீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளில் உப்பளங்கள் குறிப்பிடப்படுகின்றன. பிற்காலத்தில் பக்கிங்காம் கால்வாய் தென்முனையில் மரக்காணத்தைத் தொட்டது. படகுகளில் உப்பும் விறகும் சென்னைக்குச் சென்றன. அந்தக் கால்வாயில் இன்று தூர்தான் மிச்சம்.

மூதாட்டியிடம் திரும்புவோம். அவர் சாக்கின் அடியில் ஈரம் கோத்திருந்த உப்பைத் தனியாக ஒரு கூடையில் ஒதுக்கி வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "அடியில இருக்கறது ஈரம் பாய். மேல இருக்கறதோட கலந்தா நிறை நிக்கும், ஆனா வாங்கிட்டுப் போறவ என்னைத்தான திட்டுவா" என்றார். நானும் மாணவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாக் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சியை முந்தைய வாரம்தான் ஓதியிருந்தோம். ஹதீஸ் வகுப்பில் தலையாட்டிய பிள்ளைகள், இங்கே அந்தக் கூடைக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள்.

படம் எடுக்கலாமா என்று கேட்டபோதுதான் அவர் குரல் மாறியது. "வெள்ளக்காரன்லேர்ந்து எல்லாரும் எடுத்துட்டுப் போறாங்க. இத இடிச்சிட்டுப் புதுசா கட்டப் போறாங்களாம். இதே எடத்த எனக்குக் குடுப்பாங்களான்னு எவனும் சொல்ல மாட்றான். எங்க மாமியாருக்கப்புறம் முப்பது வருசமா இங்கதான் உக்காந்துனுருக்கேன்" என்றார்.

பொலிவுறு நகரத் திட்டத்தின் கீழ் இந்த அங்காடியை இடித்துக் கட்டுவது பற்றிச் சில ஆண்டுகள் பேச்சும் வணிகர்களின் எதிர்ப்பும் இருந்தன. பழைய கட்டடம் பழுதடைந்துள்ளது என்பதும் பொய்யன்று; கூரையை நிமிர்ந்து பார்த்தவர் எவரும் அதை ஒப்புவர். ஆயினும் அந்த அம்மாளின் கேள்வி கட்டடத்தைப் பற்றியதன்று, இடத்தைப் பற்றியது. மதீனாவில் நபியவர்கள் முஸ்லிம்களுக்கெனச் சந்தைக்கு ஒரு வெளியை ஒதுக்கியபோது, அங்கே வரி வாங்கக் கூடாது என்று விதித்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பள்ளிவாசலில் முந்தி வந்தவருக்கு அமர்ந்த இடம் உரியதாவது போலவே, சந்தையிலும் முந்தி வந்தவர் எழுந்து போகும் வரை அந்த இடம் அவருடையது என்பது உமர் (ரலி) அவர்கள் காலத்து நடைமுறை. ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணியிடம் அவர்கள் சந்தைப் பொறுப்பில் சிலவற்றை ஒப்படைத்ததாகவும் ஓர் அறிவிப்பு உண்டு. கடையில் உட்காரும் ஏழையின் உரிமை, ஃபிக்ஹு நூல்களில் சிறிய இடத்தைப் பிடித்த செய்தியன்று. முப்பது ஆண்டுகள் முந்தி வந்தவருக்கு என்ன உரிமை என்று மாணவன் ஒருவன் கேட்டான். அதிகாரிகள் விடை சொல்ல வேண்டிய கேள்வி அது என்றேன். அந்த விடை எனக்கே நிறைவளிக்கவில்லை.

கடைசியில் அவரே இறங்கி வந்தார். "மூஞ்சி வேணாம். உப்ப எடுத்துக்கங்க" என்று சாக்கின் மேல் கையை வைத்தார். 31 படங்களில் நான் பெரிதும் விரும்புவது அதைத்தான். வெள்ளை உப்பு, அதன் மேல் காய்ப்பேறிய ஒரு கை, விளிம்பில் ஈர உப்புக் கூடை. வந்திருந்த மற்றக் கடைக்காரர் எவர் முகத்தையும் கேட்காமல் எடுக்கவில்லை. மறுத்தவர்களின் படம் எடுக்கவில்லை.

அன்று மாலை, கேள்வி கேட்ட அந்த மாணவனின் வீட்டுக்குச் சென்றேன். அவனுடைய பாட்டி நாற்பது ஆண்டுகள் அளத்தில் உப்பு வாரியவர். வெள்ளை வெயிலில் உழைத்து இரு கண்களிலும் பார்வை குறைந்தவர். பேரன் கைபேசியில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, "நம்ம ஊரு உப்பு பாட்டி, பாண்டியில விக்குது" என்று பெருமையோடு நீட்டினான். அவர் கைபேசியைக் கண்ணருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார்.

"இது நம்ம உப்பு இல்லடா. கல்லு பெருசா இருக்கு பாரு. தெக்கேர்ந்து வந்ததா இருக்கும்" என்றார்.

பையனின் முகம் வாடியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்:

"ஹஜ்ரத், இந்தம்மா உக்காந்திருக்கற எடத்துல மேல கூரை இருக்குதா?"

"இருக்கிறது" என்றேன்.

"அப்பச் சரி" என்று கைபேசியைப் பேரனிடம் கொடுத்தார்.