பரதேசியும் நீதிமன்றமும்: மலையக வாக்குரிமை வழக்கு பற்றிய ஒரு நோக்கு

1854 இல் தொடங்கப்பட்ட தமிழ்க் கூலி மிஷன், விவிலியத்தை இலங்கையின் தோட்ட லயங்களுக்குக் கொண்டுசென்றது. அந்நூலின் சட்டப் பகுதிகள் மலையக மக்களின் பிற்கால வரலாற்றோடு ஒப்புநோக்கத்தக்கன. சுதேசிக்கும் பரதேசிக்கும் ஒரே பிரமாணம் என்பது லேவியராகமத்தின் விதி. அரசனும் பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டவனே என்பது உபாகமத்தின் நிலைப்பாடு.

ஆயினும் அரசனின் ஆணையைச் செல்லாததாக்கும் அதிகாரத்தை அப்பிரமாணம் எந்த நீதிமன்றுக்கும் வெளிப்படையாக வழங்கவில்லை. நாபோத்தின் திராட்சைத் தோட்டம் பறிக்கப்பட்டபோது விசாரணையும் இரு சாட்சிகளும் முறைப்படி இருந்தன, நீதி இருக்கவில்லை. அரசனைக் கண்டித்தவர் எலியா என்னும் தீர்க்கதரிசியே.

சோல்பரி யாப்பு இவ்விடைவெளியை நிரப்ப முயன்றது எனலாம். ஒரு சமூகத்தார்மீது மட்டும் தகுதியீனத்தைச் சுமத்தும் சட்டம் செல்லாது என அதன் 29 ஆம் பிரிவு விதித்தது. 1947 தேர்தலில் நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை முதலிய இலங்கை இந்தியன் காங்கிரஸ் வேட்பாளர்கள் வெற்றிபெற்றனர். அடுத்த ஆண்டே, 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமையை முன்னோரின் பிறப்பிடத்தோடு பிணைத்தது. 1949 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம் வாக்குரிமையைப் பிரஜாவுரிமையோடு பிணைத்தது.

ருவான்வெல்லைத் தொகுதியில் கோடக்கன் பிள்ளையின் பெயர் வாக்காளர் இடாப்பில் சேர்க்கப்படாதபோது இச்சட்டங்கள் வழக்குக்கு வந்தன. அவை யாப்புக்கு முரணானவை என்ற வாதத்தை 1951 இல் உயர் நீதிமன்றமும், 1953 இல் பிரிவி கவுன்சில் எனும் கோமறைக் கழகமும் நிராகரித்தன. சட்டத்தின் சொற்களில் எச்சமூகமும் பெயர் குறிக்கப்படவில்லை. யாப்பை மறைமுகமாகவும் மீறலாம் என்பதைக் கோமறைக் கழகம் கொள்கையளவில் ஏற்றது. ஆனால் இங்கு அவ்வாறு நிகழவில்லை என்றது. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டப்படி பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கும் வழி இருந்ததையும் அது கருத்திற்கொண்டது.

எலியாவின் காலத்து மூப்பர்களைப் போல இந்நீதிபதிகள் அரச ஆணைக்குப் பணிந்தனர் என நாம் கூறவில்லை. அவர்களிடம் அதிகாரம் இருந்தது. சட்டத்தின் விளைவைக் காட்டிலும் அதன் வாசகத்துக்கு முதன்மை அளித்தமையால் அவ்வதிகாரம் பயனற்றுப்போயிற்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. எஞ்சிய நாடற்றோரின் பிரச்சினைக்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம்வரை பாராளுமன்றத்தையே எதிர்நோக்க வேண்டியதாயிற்று. சிறுபான்மையினரின் காப்புறுதிகளை மதிப்பிடுவோர், அவற்றின் வாசகத்தோடு, அவற்றை நீதிமன்றம் வாசிக்கும் முறையையும் ஆராய்தல் வேண்டும்.