பஞ்சமி நிலமும் பிளாட்டுக் கல்லும்

மூலக்கொத்தளத்தில் சுவர் இருக்கிற இடமெல்லாம் பிளாட் விளம்பரம். அப்ரூவல் உண்டு, வங்கிக் கடன் உண்டு. மனை இருப்பதோ செங்கல்பட்டுப் பக்கம். எங்கள் தெருவில் பலருக்குப் பூர்வீகமும் அந்தப் பக்கம்தான். சொந்தமாக ஒரு காணி நிலம் இல்லாமல் ஹார்பருக்கு மூட்டை தூக்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

ஹார்பரில் ரிட்டயரான பக்கத்து வீட்டு அண்ணன், பி.எஃப். பணத்தில் ஒரு மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பினார். "வில்லங்கம் போட்டுப் பாத்தாச்சி தம்பி, கிளீனா கீது. அப்பால இன்னா?" என்றார். "ஏ-ரிஜிஸ்டர் பாத்தீங்களாண்ணே?" என்றேன். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் வரும். நூறு வருசத்துக்கு முன் சர்க்கார் போட்ட நிபந்தனை வராது. அந்த நிபந்தனையின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர், பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். தரிசு நிலம் கேட்டுச் சேரி ஆள் தர்காஸ்து போட்டால், மிராசுதாருக்கே முன்னுரிமை என்று விதி குறுக்கே நிற்கும். குடிசை போட்ட மனைகூட மிராசுதார் பிடியில். வாயைத் திறந்தால் வீடு போய்விடும். விதி என்பது அன்றைக்கே யாருக்குக் காவல் நின்றது, பாருங்கள்.

இந்த அறிக்கையை அடுத்து 1892 செப்டம்பர் 30-ல் 1010-ஆம் எண் அரசாணை வந்தது. அதன்வழி ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கியவைதான் பஞ்சமி நிலங்கள். மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லி வருகின்றன. முதல் பத்து வருசம் விற்கக் கூடாது. பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அரசு நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். இதுதான் நிபந்தனை.

நிபந்தனை காகிதத்தில் இருந்தது. நிலம் கடனுக்கும் மிரட்டலுக்கும் போனது. அதை மீட்கக் காரணையில் எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள்.

இன்று மனை வாங்குகிறவனைக் காக்க 2016-ல் நாடாளுமன்றமே ஒரு சட்டம் போட்டது. நல்லதுதான். நிலத்தைப் பறிகொடுத்தவனைக் காக்க என்ன இருக்கிறது? கர்நாடகத்தில் 1978-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். நிபந்தனையை மீறிய விற்பனை செல்லாது, நிலம் வாரிசுகளுக்கே திரும்ப வேண்டும் என்றது அது. 1984-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. தமிழ்நாட்டில் நாம் பழைய அரசாணையையும் வருவாய் நிலையாணையையும் தூக்கிக்கொண்டு அலைகிறோம். அதைக் கையில் எடுப்பதும் எடுக்காததும் அதிகாரியின் மனசு.

இதில் மாட்டுவது யார்? முதலில் நிலத்தை அமுக்கியவன் அல்ல. அவன் பிளாட் போட்டு, கல் நட்டு, காசாக்கிக்கொண்டு எப்போதோ போய்விட்டான். கடைசியில் பி.எஃப். பணத்தோடு நிற்கிற அண்ணன்தான் மாட்டுவார். அது அவர் தாத்தாவிடமிருந்து பிடுங்கிய நிலமாகக்கூட இருக்கலாம். தாத்தா நிலத்தைப் பேரன் காசு கொடுத்து வாங்கி, அதுவும் செல்லாது என்றால், இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

ஆகவே தோழர்களே, கேட்க வேண்டியது இரண்டு. பஞ்சமி நிலங்களின் சர்வே எண்களை ஊர்வாரியாக எல்லாரும் பார்க்கும்படி ஒட்டு. கர்நாடகம்போல் சட்டம் கொண்டுவா.

அண்ணன் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. பழைய ஏ-ரிஜிஸ்டர் பார்க்கத் தாலுகா ஆபீசுக்கு அடுத்த வாரம் இரண்டு பேரும் போகிறோம்.